பரணில் இருந்த கண்ணாடி

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் கண் பரிசோதனை செய்தபோது டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு பிளஸ் ஒன்று, இடது கண்ணுக்கு பிளஸ் நாலரை என்று கண்ணாடி கொடுத்திருக்கிறார். தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட வேண்டுமாம். ஆனால் கண்ணாடி இல்லாமலே அவளுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. முழுநேரமும் போட்டால் கண் அதற்கே பழகி பவர் ஏறிவிடும் என்கிறார் என் மாமியார். அதனால் பள்ளிக்கு மட்டும் போட்டு அனுப்பி, வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறேன். எனக்கும் மைனஸ் ஒன்று இருக்கிறது, எப்போதாவதுதான் போடுவேன். நாள் முழுக்கக் கண்ணாடி போடுவது நல்லதா, கெடுதலா? பொன்னாங்கண்ணிக் கீரை, கண் பயிற்சியால் பவர் குறையுமா? செல்போன் பார்த்ததால் வந்ததா?

ஒரு வாசகி, தாராபுரம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மைனஸ் ஒன்று என்றால் ஒரு மீட்டர் தூரம் வரை கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும். வீட்டில் கழற்றி வையுங்கள், ஒன்றும் ஆகாது. வண்டி ஓட்டும்போது போட்டுக்கொள்ளுங்கள். கீரையை நன்றாகக் கடைந்து கொடுங்கள், உடம்புக்கு நல்லது. பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பயிற்சிக்கும் இல்லை. குழந்தையின் பிளஸ் பவர் செல்போனால் வந்ததும் இல்லை. கண் உருண்டை கொஞ்சம் குட்டையாக இருப்பதால் வருவது அது.

இதையெல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் உட்கார்ந்து பதில் எழுதுவது உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு வரிக்காக. "கண்ணாடி இல்லாமலே அவளுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது." அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. எங்கள் வீட்டிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

எனக்கும் ஆறு வயதில்தான் கண்ணாடி கொடுத்தார்கள். வலது பக்கம் சாதாரணமாக இருக்கும், இடது பக்கம் தடித்த சில்லு. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு அழுதார். "பச்சப் புள்ளைக்கு எதுக்குடா இது, இப்பவே போட்டா நாப்பது வயசுல குருடாப் போயிருவான்" என்று அப்பாவிடம் சண்டை போட்டு, டப்பாவோடு எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். வாராவாரம் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவார். என் மேல் அவ்வளவு பாசமாக இருந்தவர் வேறு யாருமில்லை.

அப்பத்தாவுக்கு வெள்ளெழுத்து. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசிக் காதுக்கு நேராகக் கொண்டு போவேன். நூல் காதுக்கு முன்னால் நிற்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் தாண்டிப் போய்விடும். ஊசி எனக்குத் தெளிவாகத் தெரியும், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தானே அது நுணுக்கமாகப் பிடிபடும்? "பொறுமையே இல்ல இவனுக்கு" என்று தலையில் தட்டிவிட்டு வாங்கிக்கொள்வார். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பதினோரு வயதில் சித்திரைத் திருவிழாவுக்கு வைகை ஆற்றில் பலூன் சுடும் கடை போட்டிருந்தார்கள். துப்பாக்கியைத் தூக்கி, தெரியாமல் வலது கண்ணை மூடிவிட்டேன். பலகை நிறைய இருந்த பலூன்கள் கலைந்து ஒரே கலர் கறையாகத் தெரிந்தன. கண்ணைத் திறந்தால் இருக்கின்றன, மூடினால் இல்லை. அப்புறம்தான் டாக்டரிடம் ஓடினோம். காலம் தாண்டிவிட்டது என்றார்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரையில்தான் நாங்கள் குடியிருந்தோம். வைத்தியத்துக்கு ஊரில் குறையே இல்லை. கண்ணாடி பரணில் இருந்தது, அவ்வளவுதான்.

நன்றாகக் கேளுங்கள், இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். பார்ப்பது கண் மட்டும் இல்லை, மூளையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பேச்சைக் கற்றுக்கொள்வது மாதிரி அதற்கும் ஒரு வயது உண்டு. உங்கள் மகளின் வலது கண் தெளிவான படத்தை அனுப்புகிறது, இடது கண் கலங்கிய படத்தை அனுப்புகிறது. மூளை எதை எடுத்துக்கொள்ளும்? நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கண்ணிடமிருந்து வாங்கிக்கொள்ளவே மறந்துவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. கண் சோம்பேறி இல்லை, அதற்கு வேலை கொடுக்கவில்லை.

ஹ்யூபல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண் அனுப்பிய சேதிக்கு மூளையின் பார்வைப் பகுதியில் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது அப்படி ஆகவில்லை. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த காலத்தில்தான் என் கண்ணாடி பரணில் தூசி பிடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் படித்தவர். டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வந்து, மாமியார் சொன்னார் என்று கழற்றி வைப்பது என்ன நியாயம்? கண்ணாடி பவரை ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. குழந்தை வளரும்போது கண்ணும் வளர்வதால் மாறுகிறது. உங்கள் மகளுக்கு இருப்பது போன்ற பிளஸ் பவர் வளர வளரக் கொஞ்சம் குறையவும் கூடும். அந்தச் சில்லு இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் இடது கண்ணுக்கு வகுப்பு நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்படாதீர்கள். ஆறு வயது நல்ல வயது, நேரம் இருக்கிறது. சில குழந்தைகளுக்குக் கண்ணாடியை ஒழுங்காகப் போட்டாலே பார்வை தேறிவிடுகிறது. தேறாவிட்டால் வலது கண்ணை தினம் சில மணி நேரம் மறைத்துக் கட்டச் சொல்வார்கள். அழுவாள், பிய்த்து எறிவாள். கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதிலும் இப்போது ஓரளவு மீட்கிறார்கள், ஆனால் ஏழு வயதுக்குள் தேறுகிற அளவுக்குத் தேறுவதில்லை.

மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். என் அப்பத்தா போன பிறகு பரணை ஒழித்தபோது அந்த டப்பா கிடைத்தது. மஞ்சள் துணியில் சுற்றி, உள்ளே திருநீறு மடித்து வைத்திருந்தார். கெட்ட எண்ணத்தில் யாரும் அப்படி வைப்பார்களா? உங்கள் மாமியாரும் அப்படித்தான் இருப்பார். கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார். இன்றைக்குச் சாயங்காலம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, குழந்தையின் கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணை உங்கள் உள்ளங்கையால் மூடுங்கள். எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரில் தேதிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று பாட்டியே கேட்கட்டும்.