ஸ்கர்ட் ஏன் பின்னாடியே தேயுது? வீட்ல கட்டின ஹோவர்கிராஃப்ட், கேள்வி-பதில்

மழை சீசன் முடிஞ்சு எல்லாரும் வண்டிய வெளிய எடுத்திருப்பீங்க போல, கேள்வியா வந்து குவிஞ்சிருக்கு. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டேன். புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: ஹோவர்கிராஃப்ட்னா ஃபேன் காத்த அடில அடைச்சு, அது மேல மிதந்து தரை, தண்ணி ரெண்டுலயும் ஓடற வண்டி. அந்தக் காத்துதான் குஷன், அது வெளிய ஓடிடாம அடிய சுத்தி தொங்கற துணிதான் ஸ்கர்ட், அதோட தனித்தனி துண்டுதான் செக்மெண்ட்.

கேள்வி: ஆறு மாசம்தான் ஓட்டினேன், பின்பக்க செக்மெண்ட் நுனியெல்லாம் நஞ்சு போச்சு. முன்பக்கம் புதுசாவே இருக்கு. துணி மட்டமா?

துணிய திட்டாதீங்க. காத்துல மிதக்குதுன்னு பேருதானே தவிர ஸ்கர்ட் நுனி தரைய தடவிக்கிட்டேதான் போகும், நடுவுல இருக்கற கேப் சில மில்லிமீட்டர்தான். 1959 ஜூலைல இங்கிலீஷ் கால்வாய தாண்டின எஸ்ஆர்.என்1ங்கற ஹோவர்கிராஃப்ட்டுக்கு ஸ்கர்ட்டே கிடையாது, அதனால தேயவும் ஒண்ணுமில்ல, ஆனா அலை கொஞ்சம் உசந்தாலே அடிவயித்துல இடிக்கும். ஸ்கர்ட் வந்து அத காப்பாத்துச்சு, பதிலுக்கு அது தேயுது, சைக்கிள் டயர் மாதிரின்னு வச்சுக்கோங்க.

பின்னாடி மட்டும் தேயுதுன்னா வண்டி வால தாழ்த்திக்கிட்டு ஓடுது. எஞ்சின் அங்க, ஃபேன் அங்க, டேங்க்கும் அங்கயே வச்சிருப்பீங்க. பேட்டரியயும் டேங்கையும் கொஞ்சம் முன்னாடி நகர்த்துங்க. அதுக்குன்னு ரொம்ப நகர்த்திடாதீங்க, மூக்கு தாழ்ந்தா ஸ்பீடுல போறப்ப அது தண்ணில குத்தும், வண்டி சடார்னு நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க. நான் ஒருவாட்டி பறந்து போய் சேத்துல விழுந்திருக்கேன்.

செக்மெண்ட கழட்டி வெயிலுக்கு நேரா பிடிச்சு பாருங்க. கோட்டிங் போய் நைலான் நூல் வெள்ளையா பிசிறு பிசிறா தெரிஞ்சா மாத்திடுங்க. ஒண்ணு ரெண்டு கிழிஞ்சாலும் பக்கத்துல இருக்கறது உப்பி அந்த இடத்த ஓரளவு அடைச்சுக்கும், வீடு வந்து சேரலாம். அப்புறம் இன்னொண்ணு, தெருப் பசங்களுக்கு காட்டறேன்னு சிமெண்ட் வாசல்லயும் தார் ரோட்லயும் ஹோவர் பண்றத நிறுத்துங்க. புல்லு, சேறு, தண்ணி இதுல பாதி தேய்மானம்கூட வராது.

கேள்வி: சீமைக்கருவேல முள்ளு இழுத்து பேக் ஸ்கர்ட்ல ஒரு சாண் கிழிசல். பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டலாமா?

நியோப்ரீன் கோட்டிங்னா ஒட்டும். பிவிசி தார்ப்பாய்ல தச்சிருந்தீங்கன்னா சைக்கிள் சொல்யூஷன் ரெண்டு நாள்ல உரிஞ்சு வந்துடும், அதுக்கு பிவிசி பசைதான். முதல்ல கிழிசல தச்சுடுங்க, பேட்ச்ச உள்பக்கமா போடுங்க, உள்ள இருக்கற காத்தே அத அமுக்கிப் பிடிச்சுக்கும். மூலைய ரவுண்டா வெட்ட மறந்துடாதீங்க, கூரா இருந்தா அங்கேர்ந்துதான் உரியும்.

கேள்வி: முன்னெல்லாம் 2,200 ஆர்பிஎம்ல தூக்கும், இப்ப 2,400 வேணும். எஞ்சின இறக்கி பிஸ்டன் ரிங் மாத்திடலாமா?

இந்த கேள்விதான் அதிகம் வருது, வர்றவங்கள்ல பாதிப் பேர் ஏற்கனவே எஞ்சின பிரிச்சுட்டு வர்றாங்க. கொஞ்சம் யோசிங்க, எஞ்சின் சோர்ந்து போயிருந்தா 2,400க்கே ஏறாது. ஏறுது, ஆனா பழைய 2,200ல தூக்கலன்னா கோளாறு வேற எங்கயோ.

கொத்தனார் மட்டம் பாக்கற டிரான்ஸ்பரண்ட் ட்யூப் ஒண்ணு வாங்குங்க. யூ மாதிரி வளைச்சு ஒரு பலகைல கட்டி பாதி தண்ணி ஊத்தி, ஒரு முனைய வண்டிக்கு அடில குஷனுக்குள்ள விடுங்க, ஃபேன் காத்து நேரா முனைல அடிக்காத இடமா பாத்து. வண்டிய மரத்துல கட்டிட்டு ஹோவர் பண்ணுங்க. ரெண்டு பக்கத் தண்ணிக்கும் எவ்ளோ வித்தியாசம்னு ஸ்கேல் வச்சு அளங்க. ஆளோட சேர்த்து 270 கிலோ, குஷன் பரப்பு 4.5 சதுர மீட்டர்னா, சதுர மீட்டருக்கு 60 கிலோ, தண்ணி 60 மில்லிமீட்டர் ஏறி நிக்கும். மிதக்கற வரைக்கும் அது மாறாது, ஏன்னா அது எடைய பரப்பால வகுத்தது, அவ்ளோதான். ஸ்கர்ட் எவ்ளோ ஒழுகினாலும் 60தான் காட்டும், ஆர்பிஎம்தான் ஏறும். அதே 66 காட்டுச்சுன்னா வண்டி 27 கிலோ ஏறியிருக்கு.

அந்த 27 கிலோ எங்கேர்ந்து வந்துச்சுங்கறீங்களா, ஹல்லுக்குள்ள, அதான் வண்டியோட உடம்புக்குள்ள, இருக்கற ஃபோம் தண்ணி குடிச்சிருக்கு. என் முதல் வண்டில நான் ஸ்கர்ட்ட மூணு தடவை மாத்தினேன், ஃபேன மாத்தினேன், கடைசில பின்மூலைல அடியில ஒரு ஓட்டை போட்டு பக்கெட் வச்சேன், ராத்திரி முழுக்க சொட்டிச்சு, காலைல பக்கெட் நிறைஞ்சு தரையெல்லாம் ஓடிக்கிட்டிருந்துச்சு. தண்ணிய வடிக்க கழட்டி மாட்டற மூடி, ட்ரெயின் ப்ளக் ஒண்ணு வச்சுடுங்க. தெர்மாகோல் போட்டவங்க பெட்ரோல் சிந்தாம பாத்துக்கோங்க, கரைஞ்சே போயிடும்.

இதே டெஸ்ட்ல அளவு பழையபடி 60லயே இருந்தா, ஒழுகல தேடுங்க, ஃபேன் பிளேடையும் பாருங்க.

கேள்வி: பிளேடு முன்விளிம்பு சொரசொரன்னு ஆயிடுச்சு. சாண்ட்பேப்பர் போட்டா போதுமா?

90 செண்டிமீட்டர் ஃபேன் 2,800 ஆர்பிஎம்ல சுத்தினா நுனி ஏறக்குறைய மணிக்கு 475 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகத்துல தண்ணித் துளியே கல்லு மாதிரிதான், மணல பத்தி கேக்கவே வேணாம். லேசா சொரசொரன்னா தேய்ச்சுட்டு பாலியூரித்தேன் டேப் ஒட்டுங்க. பிளேடு அடில மயிரிழை விரிசல் இருந்தாலும் தூக்கிப் போடுங்க, ஒட்டி ஓட்டற வேலையே வேணாம். புதுசு போடறப்ப நேரெதிர் பிளேடோட எடை போட்டு ஜோடி சேருங்க, கிச்சன் டிஜிட்டல் தராசு போதும். முதல் ஸ்டார்ட்டப்ல ஃபேனுக்கு பக்கவாட்டுல யாரும் நிக்கக்கூடாது, பிளேடு பிச்சுக்கிட்டா அந்தப் பக்கம்தான் பறக்கும்.

கேள்வி: டைமிங் பெல்ட்ல சத்தம். ஸ்ப்ரே அடிக்கலாமா?

கூடாது. எந்த ஸ்ப்ரேயும் கூடாது. டென்ஷனும் புல்லி நேரா இருக்கான்னும் பாருங்க, பல்லு அடில விரிசல்னா மாத்துங்க.

கேள்வி: நாலு மாசம் நிறுத்தி வைக்கணும், என்ன பண்ணணும்?

உப்புத் தண்ணில ஓட்டினீங்கன்னா அன்னிக்கே நல்ல தண்ணில கழுவிடணும், வண்டிய திருப்பற ரட்டரோட கேபிள் முனை, போல்ட் எல்லாத்தையும் சேர்த்து. கார்புரேட்டர் பவுல்ல இருக்கற பெட்ரோல வடிச்சுடுங்க, இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுத்து வச்சுக்கும், நாலு மாசம் கழிச்சு ஜெட் அடைச்சிருக்கும். வண்டிய கட்டை மேல தூக்கி வைங்க, ஸ்கர்ட் மடிஞ்சு நசுங்கக்கூடாது, வெயிலும் படக்கூடாது.

அப்புறம் எலி. ஃபேன சுத்தி இருக்கற டக்டுக்குள்ள கூடு கட்டும், ஸ்கர்ட்ட கடிக்கும். எடுக்கறப்ப ஃபேன கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கடிச்ச ஓட்டைக்கு மேல சொன்ன அதே பேட்ச்தான்.