வெர்பினா பூப்பதை நிறுத்தியதும் இலைகளில் வெண்பொடி படிவதும்

வணக்கம். தொங்கு தொட்டியில் நன்றாகப் பூத்த வெர்பினா இப்போது தண்டு மட்டும் நீண்டு, அடியிலைகளில் வெண்பொடி படிந்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே வெயில் 2 மணி நேரமே படுகிறது என்று நீங்கள் சொன்னதில்தான் காரணம் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இச்செடிக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் வேண்டும். அது குறைந்தால் ஒளியைத் தேடித் தண்டு நீளுமே தவிர மொட்டு அதிகம் வராது, நிழலோடு காற்றோட்டக் குறைவும் சேரும்போது இலையில் வெண்பொடியாகப் படியும் சாம்பல் நோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், தொட்டியை ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி இடம் மாற்றுங்கள். பாதித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, நீண்ட தண்டுகளின் நீளத்தில் கால் பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். ஆசையாக வளர்த்த செடியை வெட்ட மனம் வராதுதான். ஆனால் பக்கக் கிளைகள் பிறந்தால்தான் புதிய பூங்கொத்துகள் வரும், அதற்குச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

மேல்மண் 2 செ.மீ. ஆழம் காய்ந்த பிறகு, இலைகளை நனைக்காமல், அடித்துளை வழியே வடியும்வரை நீர் ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை இப்போதைக்கு நிறுத்திவிடலாம்.

இலையின் அடிப்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். நுண்ணிய வலையும் மஞ்சள் புள்ளிகளும் தென்பட்டால் சிலந்திப் பேனும் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஒரு காலை வேளையில் அடிப்புறத்தை நீரால் வேகமாகக் கழுவி, செடியை வெயிலில் உலரவிடுங்கள்.