ஆர்டிஎக்ஸ் 3060-ஆ, 4060-ஆ? விவரப் பட்டியலில் எந்த எண்ணை நம்பலாம்?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டில் 3,584 கோர்களும் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) 12 ஜிபி நினைவகமும் 192 பிட் பஸ்ஸும் (சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தரவுப் பாதை) இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 4060-இல் 3,072 கோர்கள், 8 ஜிபி, 128 பிட் மட்டுமே. பட்டியலில் பழையதே மேலாக நிற்கும்போது, புதியதே வேகமானது என்று எல்லாரும் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமும் பிளெண்டர் (முப்பரிமாணக் காட்சிகள் செய்யும் மென்பொருள்) வேலையும் கலந்து செய்யும் நீங்கள், இப்போதுள்ள 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-ஐ மாற்றப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

1080பி அளவில் கேம் ஆடுவதுதான் முதன்மை என்றால் 4060. பிளெண்டரில்தான் பொழுதின் பெரும்பகுதி போகிறது என்றால் 12 ஜிபி 3060. கட்டடங்களுக்கு முப்பரிமாணக் காட்சிகள் செய்து தருவது என் தொழில் என்பதால் இரண்டு கார்டுகளையும் நாள் முழுவதும் ஓட விட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முடிவைவிட அதற்கான காரணம் உங்களுக்கு அதிகம் பயன்படும். அடுத்த தலைமுறை கார்டு வரும்போதும் அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கோர். ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போது கோர் எண்ணிக்கை நல்ல அளவுகோல். தலைமுறை மாறினால் அந்தச் சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இதற்கு 2080 டிஐ, 3070 என்ற இரண்டு கார்டுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2018-இல் வந்த 2080 டிஐயில் 4,352 கோர்கள்; 2020-இல் வந்த 3070-இல் 5,888 கோர்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தும் கேம்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடின. பழைய அமைப்பில் ஒவ்வொரு கணிப்புத் தொகுதியிலும் தசமக் கணக்குக்கு 64 பாதைகளும் முழு எண் கணக்குக்கு 64 பாதைகளும் தனித்தனியே இருந்தன; கோர் என்று எண்ணப்பட்டவை தசமக் கணக்குப் பாதைகள் மட்டுமே. அடுத்த தலைமுறையில் முழு எண் பாதைகளுக்கும் தசமக் கணக்கு போடும் திறன் வந்ததால், அவையும் சேர்ந்து தொகுதிக்கு 128 கோர்கள் என்று எண்ணப்பட்டன. ஆனால் கேம்களில் முழு எண் வேலையும் இடையறாது வந்துகொண்டே இருக்கும். 100 தசமக் கட்டளைகளுக்குச் சராசரியாக 36 முழு எண் கட்டளைகள் வருவதாக என்விடியாவே முன்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்த வேலை வரும்போதெல்லாம் பொதுவான பாதை அதற்கே போய்விடுவதால், பட்டியலில் உள்ள அத்தனை கோர்களும் ஒரே நேரத்தில் தசமக் கணக்கில் இறங்க முடிவதில்லை.

நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்குகள் என்று சொல்லும் டெராஃப்ளாப்ஸும் இதே வகைதான். கோர் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அந்த எண். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6650 எக்ஸ்டிக்கு ஏறத்தாழ 10.8 என்றும், அடுத்த தலைமுறை 7600-க்கு 21.7 என்றும் போட்டிருக்கும். இரண்டிலும் இருப்பவை 2,048 கோர்கள்தான். புதியதில் ஒரு கோர் ஒரே சுற்றில் இரண்டு கட்டளைகளை எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் எண் இரட்டித்தது. அப்படிச் சேர்ந்து போகக்கூடிய கட்டளைகள் கேம் நிரல்களில் எப்போதும் அமைவதில்லை. ஆகவே உண்மையான வேக வேறுபாடு சில விழுக்காட்டோடு நின்றுவிட்டது.

இனி உங்கள் இரண்டு கார்டுகளுக்கு வருகிறேன். நினைவக அலைவரிசையை, அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு நினைவகத்துக்குப் போய்வர முடியும் என்பதை, நீங்களே கணக்கிடலாம்: பஸ்ஸின் பிட் அளவை 8-ஆல் வகுத்து, நினைவகச் சில்லின் வேகத்தால் பெருக்க வேண்டும். 3060-க்கு 192-ஐ 8-ஆல் வகுத்தால் 24. அதைச் சில்லின் வேகமான 15-ஆல் பெருக்கினால் நொடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 16-ஐ 17-ஆல் பெருக்கினால் 272 ஜிபி. கால் பங்கு குறைவுதான். ஆனால் 3060-இல் 3 எம்பியாக இருந்த இரண்டாம் நிலை கேஷ், 4060-இல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு சில்லுக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் வெளியே நினைவகத்துக்குப் போகும் தடவைகள் குறைகின்றன. அத்துடன் 1.78 கிகாஹெர்ட்ஸாக இருந்த பூஸ்ட் வேகம் 2.46 ஆக உயர்ந்திருக்கிறது. குறைந்த கோர்களாலும் குறுகிய பஸ்ஸாலும் இழந்ததை இவை இரண்டும் ஈடுகட்டி, 1080பி அளவில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கூடுதல் வேகத்தைத் தருகின்றன. மின்சாரமும் 170 வாட்டிலிருந்து 115 வாட்டாக இறங்கியிருக்கிறது. கோடையில் சிறிய அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

நினைவகத்தின் கொள்ளளவு இந்தக் கணக்கில் அடங்காது. வேகம் குறைந்தால் கூடுதலாகச் சில நிமிடம் காத்திருந்து வேலையை முடித்துவிடலாம்; கொள்ளளவு போதாவிட்டால் வேலையே தடைப்படும். திருமண மண்டபம் ஒன்றின் முகப்பைத் தென்னையும் வேம்பும் சூழ்ந்த தோட்டத்துடன் காட்ட வேண்டியிருந்தபோது இதை நேரடியாகக் கண்டேன். 4,096-க்கு 4,096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (பொருளின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படம்), சுருக்கப்படாமல் நினைவகத்தில் ஏறும்போது 64 எம்பி பிடிக்கும். கல், மரப்பட்டை, இலை, தரை என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு படங்கள் சேர்த்தால் நூறைத் தொடுவது எளிது. அதற்கே ஆறு ஜிபிக்கு மேல் போய்விடும், மரங்களின் வடிவத் தரவு தனி. அந்தக் காட்சி 3060-இல் நிதானமாக ஓடி முடிந்தது. அலுவலகத்தில் 4060 உள்ள கணினியில் ஏற்றியபோது, நினைவகம் போதவில்லை என்ற ஒற்றை வரியுடன் ரெண்டர் (காட்சியைப் படமாக்கும் வேலை) நின்றுவிட்டது. டெக்ஸ்சர்களை 2,048 அளவுக்குக் குறைத்தேன். ஒவ்வொன்றும் 16 எம்பியாகச் சுருங்கியதும் காட்சி ஓடியது, 3060-ஐவிட விரைவாகவே முடிந்தது. ஆனால் முகப்பின் கல்லுக்கு அருகே கேமராவைக் கொண்டு சென்றபோது செதுக்கல் மழுங்கித் தெரிந்தது. வாடிக்கையாளர் பார்க்க விரும்பியதே அந்தச் செதுக்கலைத்தான்.

பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 3060-இலேயே 8 ஜிபி வகை ஒன்று பின்னர் வந்தது. அதன் பஸ் 128 பிட், அலைவரிசை 240 ஜிபி. 3060-இன் நினைவகம் பற்றி நான் இதுவரை சொன்னது அதற்குப் பொருந்தாது. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் ஜிடிடிஆர்5 வகையும் டிடிஆர்4 வகையும் விற்கப்பட்டன. முன்னதன் அலைவரிசை 48 ஜிபி, பின்னதற்கு 17 ஜிபிகூட இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் நினைவக வகையையும் அளவையும் கடையில் நின்றே படித்துவிடுங்கள்.

சோதனை முடிவுகளைப் பார்க்கும்போது சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) மட்டும் போதாது. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிநொடி, இடையில் ஒரு பிரேம் 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் சராசரி அசையாது, ஆனால் கண்ணுக்குத் தடுக்கல் தெரியும். அதைக் காட்டுவது, மிக மெதுவாக வந்த ஒரு விழுக்காடு பிரேம்களின் வேகத்தைச் சொல்லும் ஒரு விழுக்காடு தாழ்நிலை என்ற எண்தான். விளம்பர வரைபடங்களில் 40 தொடருக்கு மட்டும் பிரேம் ஜெனரேஷன் இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இடையில் செருகப்படும் பிரேம்கள் அசைவை மென்மையாக்குமே தவிர, கார்டின் கணிப்பு வலிமையைச் சொல்ல மாட்டா.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மிகப் பெரிய பிளெண்டர் கோப்பைத் திறந்து ரெண்டரை ஓட்டிவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பகுதியைப் பாருங்கள். கார்டின் சொந்த நினைவகம் 6 ஜிபியை முட்டி நிற்க, கணினியின் ராமிலிருந்து பகிரப்படும் நினைவகம் ஏறிக்கொண்டே போனால் 12 ஜிபி கார்டை வாங்குங்கள். நான்கைந்து ஜிபியிலேயே அடங்கிவிட்டால் தயங்காமல் 4060-க்குப் போகலாம்.