கடைக்கு அனுப்பியது யார்?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகனின் ஜியாமெட்ரி பாக்ஸில் கூல் லிப் என்ற புகையிலைப் பை இருந்தது. கேட்டால், "பசங்க கொடுத்தாங்க, வேணாம்னு சொல்ல முடியல" என்கிறான். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அவன் அப்பா சனிக்கிழமை வந்தால், ஹான்ஸ் புகையிலை வாங்கக்கூட முகம் சுளிக்காமல் ஓடுவான். சேர்க்கைதான் கெடுத்துவிட்டது. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் போட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், பென்னாகரம்

பதில்: ஹாஸ்டல் இருக்கட்டும் அம்மா. ஹான்ஸ் வாங்க ஓடுகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

ஒளித்து வைத்த சரக்கை யாரிடம், எப்படிக் கேட்டால் எடுத்துத் தருவார் என்று வகுப்புப் பசங்களா உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? அப்பா கேட்டால் வாங்கி வர வேண்டும், நண்பன் நீட்டினால் மட்டும் மறுக்க வேண்டுமா? பேச்சைத் தட்டாதவன் என்று பெருமைப்படுகிறீர்கள். மறுத்துப் பேச வீட்டில் ஒருநாளாவது அவனுக்கு இடம் இருந்ததா?

2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, சிறுவனுக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கும் கொடுக்க வைப்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். "கொடுக்க வைப்பவர்" என்ற சொல்லை உங்கள் கணவரிடம் நிறுத்தி வாசியுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே மறுத்துப் பேசும் பயிற்சியைத் தொடங்குங்கள். அப்பா கடைக்குப் போகச் சொல்லட்டும், மகன் "போமாட்டேன்ப்பா" என்று சொல்லட்டும். "ஒரு வாட்டிதான்டா", "அப்பாவுக்காகடா" என்று அவர் விடாமல் வற்புறுத்த வேண்டும். மகன் காரணம் சொல்லக் கூடாது. "சார் பார்த்துடுவார்" என்றால் "பார்க்க மாட்டார்" என்பான் கூட்டாளி. "வாய்ப்புண்ணு" என்றால் "நாளைக்குப் போட்டுக்க" என்பான். பேச்சு நீண்டால் உங்கள் பிள்ளைதான் தோற்பான். முகத்தைப் பார்த்து "வேணாம்டா" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இளித்துக்கொண்டே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்பாவிடமே மறுத்துப் பழகியவனுக்குக் கூட்டாளியிடம் மறுப்பது பெரிய காரியமில்லை.

அதற்குப் பிறகு அவனை நிஜமாகவே கடைக்கு அனுப்பக் கூடாது. உங்கள் கணவரால் உடனே விட முடியாவிட்டால் அவரே போய் வாங்கிக்கொள்ளட்டும். மகன் எதிரில் பொட்டலம் பிரிக்கிற தகப்பனுக்கு அவனைக் கண்டிக்க உரிமை இல்லை. இது என் கட்சி.

கூல் லிப் சின்ன வெள்ளைப் பை. கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கினால் துப்ப வேண்டியதில்லை, புதினா வாசனைதான் வரும். வகுப்பிலேயே வைத்துக்கொண்டு உட்கார முடிவது அதனால்தான். பகல் வெளிச்சத்தில் அவன் கீழுதட்டை மடக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் பழக்கம் இன்று நேற்றையது அல்ல. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் எரிந்து விழுவான், தலைவலி என்பான், தூங்க மாட்டான். அதைத் திமிர் என்று நினைத்து அடித்தால் திரும்ப அதையே தேடிப் போவான். ஏக்கம் வந்தால் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும். தண்ணீர் கொடுங்கள், நெல்லிக்காய் கொடுங்கள். புதினா மிட்டாய் வேண்டாம், அந்த ருசியே ஞாபகப்படுத்தும். அப்படியும் முடியவில்லை என்றால் போதைப் பழக்கத்தை விட உதவும் 14446 எண்ணுக்கு அழையுங்கள், அப்பாவுக்கும் சேர்த்தே.

கூட்டாளிகளின் பெயரைக் கேட்டு நச்சரிக்காதீர்கள். எந்த இடம், எந்த நேரம் என்று மட்டும் கேட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. கடைக்காரர் பிள்ளைகளுக்கு விற்பதைக் குழந்தைகள் உதவி எண் 1098-இலும் சொல்லலாம்.

ஹாஸ்டலா? மறுக்கத் தெரியாத பிள்ளையை ராத்திரி பகலாகக் கூட்டாளிகளோடு அடைத்து வைக்கப் பணம் வேறு கட்டப் போகிறீர்களா? கணவர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.