‘போதும்’ என்றொரு நினைப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். மூன்று வருடமாக உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. பெயர் வேண்டாம்.

எனக்கு 43 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. என் அத்தை, அதாவது என் மாமியார், பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். பேச்சும் போய்விட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருவார். சாயங்காலத்திலிருந்து காலை வரை நான்தான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார் டாக்டர். போனில் அலாரம் வைத்து எழுந்திருப்பேன். கணவருக்கு வெளியூர் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். நாத்தனார் சென்னையில். ஞாயிறு மதியம் வீடியோ காலில் வந்து, “அம்மா ஏன் இப்படி மெலிஞ்சுட்டாங்க?” என்று கேட்பார்.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். “இவங்க போயிட்டாப் போதுமே” என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு அது வராத நாளே இல்லை. முழங்கால் போட்டு ஜெபிக்கும்போதும் வருகிறது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் குருவானவர் நீதிமொழிகள் 23:7-ஐ எடுத்துப் பிரசங்கம் செய்தார். “அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவன் இருக்கிறான்.” எண்ணம்தான் குணம், எண்ணத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்றார். அப்படியானால் நான் யார்? தன் சகோதரனைப் பகைக்கிறவன் மனுஷகொலைபாதகன் என்று யோவான் எழுதியிருக்கிறாரே. இரண்டு மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. சபையில் எல்லோரும் ‘தங்கமான மருமகள்’ என்கிறார்கள். கேட்கக் கூசுகிறது.

என் உண்மையான குணம் எது, ஐயா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். அதைத் தனியாகப் பிய்த்து எடுத்ததில்தான் பாதிக் குழப்பம்.

வேதாகமத்தை எடுத்து ஆறாம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம் வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அது ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி. வன்கண்ணன், அதாவது கொடுக்க மனசில்லாத கஞ்சன் ஒருவன் விருந்து வைக்கிறான். “புசியும், பானம்பண்ணும்” என்று வாயால் உபசரிக்கிறான். உள்ளே அவன் மனசு நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அவன் வீட்டில் சாப்பிடாதே, அவன் வாய்ச்சொல் அல்ல அவன், உள்ளே ஓடுகிற கணக்குதான் அவன் என்று எச்சரிக்கிறது வசனம். எபிரெய மூலத்தில் அந்த இடம் கொஞ்சம் சிக்கலானது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதை வேறுவிதமாக வாசித்து, அவனோடு சாப்பிடுவது முடியை விழுங்குவதுபோல என்று எழுதிவிட்டது. எனக்கு என்னவோ அதுவும் பொருத்தமாகத்தான் படுகிறது. கணக்குப் பார்க்கிறவர் வீட்டுச் சோறு அப்படித்தான் இறங்கும்.

இந்த வசனம் மேசையிலிருந்து இறங்கி சுயமுன்னேற்ற வாசகமானது பிற்பாடு. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் இதையே தலைப்பாக்கி ஒரு சிறுநூல் எழுதினார். நம் வ.உ.சி. அதை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். அந்த நூலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘நீ நினைப்பதே நீ’ என்பது தன் தொழிலை நடத்துகிறவனுக்கு ஊக்கமாக இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு மூத்திரத் துணி மாற்றுகிற பெண்ணுக்கு அது தண்டனைத் தீர்ப்பாகிவிடுகிறது. நீதிமொழிக்காரர் சொன்ன ஆள் நீங்கள் இல்லை. அவனுக்கு வாயில் உபசாரம், மனசில் கணக்கு. உங்களுக்கு மனசில் ஒரு முணுமுணுப்பு, கையில் வேலை. ஏறக்குறைய நேர் எதிர்.

சரி, எண்ணத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. அந்தச் சம்பந்தம் எந்த இடத்தில் உண்டாகிறது என்பதை நான் படித்தவரையில் மிகத் துல்லியமாகச் சொன்னவர் நான்காம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ். கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற திருத்தொண்டர், நன்றாகப் பேசக்கூடியவர். ஒரு பெரிய அதிகாரியின் மனைவிமேல் மனம் போய்விட்டது. பயந்து கப்பலேறி எருசலேமுக்கு ஓடினார், அங்கே காய்ச்சலில் விழுந்தார், பிறகு எகிப்தின் பாலைவனத்துக்குப் போனார். நித்ரியாவில் 2 ஆண்டு, கெல்லியாவில் 14 ஆண்டு. 399இல் இறக்கும்வரை ஏடு பிரதியெடுத்துப் பிழைத்துக்கொண்டு, தன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கவனித்து எழுதிவைத்தார். அவருடைய வேறு சில போதனைகளைத் திருச்சபை பிற்காலத்தில் கண்டித்தது. இதை மட்டும் விடவில்லை. பெருந்தீனி, மோகம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என்று அவர் போட்ட பட்டியல்தான் காசியான் என்ற துறவி வழியாக மேற்கே போய், போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் கையில் ஏழாகி, கத்தோலிக்க மறைக்கல்வியில் ‘தலையான பாவங்கள் ஏழு’ ஆனது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எவாக்ரியுஸ் அந்த எட்டையும் பாவங்கள் என்று எழுதவில்லை. ‘எண்ணங்கள்’ என்றே எழுதினார். பட்டியலைப் போட்ட கையோடு அவர் சொன்னதன் சாரம் இது: இவை வந்து நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் கையில் இல்லை, தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது. ஏழாகச் சுருக்கியபோது எண்ணங்கள் பாவங்களாயின, இந்த வாக்கியம் பின்னுக்குப் போய்விட்டது. நம் பிரசங்கங்களில் லூத்தர் பேரில் ஒரு உவமை அடிக்கடி வரும்: தலைக்கு மேலே பறவை பறப்பதைத் தடுக்க முடியாது, தலையில் கூடு கட்டுவதைத் தடுக்கலாம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். எவாக்ரியுஸ் சொன்னதும் அதே பேச்சுதான்.

சோர்வைப் பற்றி அவர் எழுதியதை உங்களுக்காகவே சொல்கிறேன். நடுப்பகலில் வருமாம். சூரியன் நகராததுபோல இருக்குமாம், ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றுமாம். இந்த இடம் வெறுக்கும், செய்கிற வேலை வெறுக்கும், நம்மேல் அன்பாக இருக்க ஒருவரும் இல்லை என்று படும். நோயாளியோடு அடைபட்டு இருந்தவர் யாராவது இதைப் படித்தால், இந்த மனுஷன் எப்போது நம் வீட்டுக்கு வந்துபோனார் என்றுதான் கேட்பார்கள்.

உங்கள் வீட்டில் ஜான் பன்யன் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ கதை இருக்கும். பழைய கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும். மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கதாநாயகன் கிறிஸ்தியான் கடக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். பொல்லாத ஆவி ஒன்று பின்னால் மெதுவாக வந்து அவன் காதில் தேவதூஷணங்களைக் கிசுகிசுக்கிறது. அவனோ அவை தன் மனசிலிருந்தே வருவதாக நினைத்து நொந்துபோகிறான். வழியில் பட்ட வேறெந்தத் துன்பத்தையும்விட இது அவனை அதிகமாக வருத்தியது என்று எழுதுகிறார் பன்யன். அவருக்குத் தெரியும். பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி அவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காக 1660 முதல் 12 ஆண்டு சிறையில் கிடந்தவர். 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில், இளவயதில் “கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு” என்றொரு எண்ணம் ஒரு வருடத்துக்குத் தன்னைத் துரத்தியதைச் சொல்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் வரும், குச்சி வெட்டினால் வரும், ஒரு குண்டூசி எடுக்கக் குனிந்தால்கூட வரும். அது அவருடைய குணம் என்று யாராவது இன்று சொல்வார்களா? அவ்வளவு பதறியதே அவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதற்கு அடையாளம். உங்கள் பயத்தையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

யோவானைக் கேட்டீர்கள். பகைக்கிறவன் கொலைபாதகன் என்றவர் அடுத்த வசனங்களிலேயே, சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டும் தன் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றிப் பேசுகிறார். இருதயத்தை அடைத்துக்கொண்டவர்கள் அலாரம் வைத்து எழுந்திருப்பதில்லை. குறளும் ‘உள்ளத்தால் உள்ளலும் தீதே’ என்று கடுமையாகத்தான் சொல்கிறது. ஆனால் எதை உள்ளுவது? ‘பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்.’ கள்வேம் என்பது தன்மை வினை. எடுத்துவிடுவோம் என்று மனசு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. உங்கள் நினைப்பில் அப்படி ஒரு வினைச்சொல் இல்லை.

எண்ணம் குணமாக மாறுவதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் ஏட்டுப் படிப்பாகப் போய்விடும். பல வருடம் முன்பு, நான் வேலைபார்த்த இடத்தில் எனக்கு வரவேண்டிய பதவி இன்னொருவருக்குப் போயிற்று. அநியாயம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் என்ன செய்தேன்? தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடிக்குப் போய், அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் பேசினேன். நினைப்பு தானாக வரவில்லை. நானே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வசனங்கள் நாளுக்கு நாள் மெருகேறின. ருசியாக இருந்தது, அதை மறைப்பானேன். இரண்டு வருடம் இப்படிப் போயிருக்கும். தெரிந்தவர் பையனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் சொல், “யாரைப் பிடிச்சாங்களோ.” ஒன்பதாம் வகுப்பு படித்த என் மகள் நிமிர்ந்து பார்த்து, “உங்களுக்கு யாருமே நல்லவங்க இல்லையாப்பா?” என்றாள். அந்தப் பதவிக்காரரை நான் அப்போது ஏறக்குறைய மறந்திருந்தேன். அவரைத் திட்டித் திட்டிப் பழகின மனசு மட்டும் மிச்சமிருந்தது, வருகிற போகிற எல்லோர்மேலும் பாயத் தயாராக.

பாலைவனத்துத் துறவி மோசே அப்பா சொன்னதாகக் காசியான் எழுதியிருப்பது இதுதான். மனசு தண்ணீர் விசையில் சுழலும் மாவு ஆலை. தண்ணீர் ஓடுகிறவரை அதை நிறுத்த முடியாது, ஆனால் கோதுமையைப் போடுவதா களைவிதையைப் போடுவதா என்பது ஆலைக்காரன் பொறுப்பு. பவுல் பிலிப்பியருக்கு “அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்” என்று எழுதினபோதும், வேண்டாததை விரட்டு என்று சொல்லவில்லை, உண்மையுள்ளவை, நீதியுள்ளவை என்று போடவேண்டிய தானியத்தைத்தான் வரிசையாகச் சொன்னார். விரட்ட விரட்ட வருவது எண்ணத்தின் சுபாவம். நான் செய்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப் பேச்சு ஆரம்பித்தால் அந்த மனிதருக்காகப் பெயர் சொல்லி ஒரு வாக்கியம் ஜெபிப்பது. முதல் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டுதான். இப்போதும் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அந்த ‘போதும்’ அல்ல. அதைச் சொன்னவர்கள் பெரியவர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றான். அவனுக்குப் பிரசங்கம் கிடைக்கவில்லை. தூங்கவிட்டார்கள். எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார்கள். மறுபடியும் தூங்கவிட்டார்கள். கர்த்தர் பேசின மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். நான்கு வருடமாக இரண்டு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து தூங்காத உடம்பு வேறென்ன சொல்லும்? உங்கள் நினைப்பில் முக்கால்வாசி தூக்கமின்மை. ஜெபம் பண்ண முடியாமல், சாப்பிட முடியாமல் அதே எண்ணம் அறுத்துக்கொண்டே இருந்தால் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை, பன்யன் காலத்தில் அந்த வசதி இல்லை, அவ்வளவுதான்.

நான் பயப்படுவது ஞாயிறு மதிய வீடியோ காலுக்கு. உங்கள் கடிதத்தில் அத்தையைப் பற்றி எழுதிய இடங்களில் பயம் இருக்கிறது, நாத்தனாரைப் பற்றிய அந்த ஒரு வரியில் கசப்பு இருக்கிறது. “ஏன் மெலிஞ்சுட்டாங்க?” என்பதற்கு நீங்கள் மனசுக்குள் எத்தனை பதில் தயாரித்து வைத்திருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. என் மொட்டைமாடி ஞாபகம் வந்ததால் சொல்கிறேன். ஆலையில் களைவிதை விழுவது அங்கேதான்.

எனவே மனசுக்குள் பதில் சொல்லாமல் வாயால் கேளுங்கள். “மே மாசம் லீவுல பத்து நாள் வந்து இருங்க, ராத்திரி அலாரம் உங்க போன்ல இருக்கட்டும்” என்று. சனி இரவை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும். தண்ணீர் மெத்தை இல்லையென்றால் சபையில் கேட்டுப் பாருங்கள், முன்பு நோயாளி இருந்த ஏதாவது வீட்டில் சும்மா கிடக்கும். அடுத்த திருவிருந்துக்குப் பின்பெஞ்சிலிருந்து எழுந்து போங்கள், குருவானவரிடம் முன்கூட்டியே விளக்கம் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை.

நாத்தனார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.