ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் நின்றிருக்குமா?

கேள்வி: எனக்கு வயது 29. கல்யாணமான மூன்று வருடத்தில் இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. ஒன்று ஏழாவது வாரம், இன்னொன்று எட்டாவது வாரம். இரண்டாவது முறை ரத்தம் பார்த்ததில் புரோஜெஸ்டிரோன் குறைவு என்று வந்தது. 'அப்போதே ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் தங்கியிருக்கும்' என்கிறார் நாத்தனார். வண்டி ஓட்டியதுதான் காரணம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வண்டி ஓட்டியதால் கரு கலையாது. நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள்.

நாத்தனார் சொல்வது பாதி சரி. முட்டை வெளியேறிய பிறகு, சினைப்பையில் அந்த இடம் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி போல ஆகும். கார்ப்பஸ் லூட்டியம் என்போம். கருப்பையின் உள்சுவரை மெத்தென்று வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோனை முதல் ஏழெட்டு வாரம் அதுதான் சுரக்கிறது. அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். சரி, அந்தக் கட்டியைச் சுரக்க வைப்பது யார்? கருதான். வீட்டில் சிறுநீர் விட்டுப் பார்க்கும்போது இரண்டு கோடு வருகிறதே, அதற்குக் காரணமான ஹெச்.சி.ஜி. ஹார்மோனை அது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரு வளர்வது நின்றால் ஹெச்.சி.ஜி. குறையும், பின்னாலேயே புரோஜெஸ்டிரோனும் இறங்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இருந்த குறைவு, கலைந்ததன் விளைவாகவே இருந்திருக்கலாம். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அதை எந்த ஊசியும் சரிசெய்யாது.

காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கலைந்த 836 பெண்களை வைத்து பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. புரோஜெஸ்டிரோன் வைத்தவர்களில் 66 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை வைத்தவர்களில் 63. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் 2019-இல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு கலைந்திருந்து, இந்த முறையும் ரத்தம் பட்டவர்களுக்குப் பலன் தெரிந்தது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். அடுத்த முறை துளி ரத்தம் பட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய், 'ஏற்கெனவே இரண்டு கலைந்திருக்கிறது' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு, பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையாகக் கொடுப்பார்கள். தோழிக்குக் கொடுத்த ஊசியின் பெயரை போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அது வேண்டாம்.

அதற்கு முன்னால், இப்போதே தைராய்டும் சர்க்கரையும் பாருங்கள். இரண்டும் மருந்தில் கட்டுப்படுபவை. ரத்தம் உறையும் தன்மைக்கான ஆன்டிபாஸ்போலிபிட் பரிசோதனையும் கேளுங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டும் கையில் இருக்கட்டும். லேபுக்கு வண்டியிலேயே போகலாம்.