தரையைப் பிரிக்கும் முன் அதன் அடியில் ஓடும் காற்றைப் பாருங்கள்

கேள்வி: கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், 1900-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். முன்னறையின் மரத்தரை ஜன்னலோரமாக நடக்கும்போது அமுங்குகிறது. பூஞ்சண வாடையும் வருகிறது. இலவசமாகப் பார்வையிடுவதாக விளம்பரம் செய்திருந்த ஈரத்தடுப்பு நிறுவனம் ஒன்றை அழைத்தோம். அவர்களுடைய ஆள் சுவரில் மீட்டரை அழுத்திப் பார்த்துவிட்டு, சுவர் முழுவதும் ஈரம் ஏறியிருக்கிறது, சுவரைத் துளைத்து மருந்து ஏற்ற வேண்டும், பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், தரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று 9,400 பவுண்ட் கேட்கிறார். 20 ஆண்டு உத்தரவாதம் தருவதாகவும், இந்த வாரமே ஒப்புக்கொண்டால் பத்து வீதம் கழிவு உண்டு என்றும் சொல்கிறார். கையெழுத்திடலாமா?

பதில்: இந்த வாரம் கையெழுத்திட வேண்டாம். பார்வையிட வந்தவர் தரையில் ஒரு பலகையைக்கூடக் கழற்றிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தரைக்கு விலை சொல்வது, நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்துச்சீட்டு எழுதுவதற்குச் சமம்.

உங்கள் வீட்டு வகையில் முன்னறைத் தரை மண்ணின்மேல் கிடப்பதில்லை. மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் ஆங்காங்கே எழுப்பிய குட்டைச் செங்கல் சுவர்கள் ஜாய்ஸ்ட் எனப்படும் குறுக்குக் கட்டைகளைத் தாங்குகின்றன. பல வீடுகளில் அக்கட்டைகளின் முனைகள் வெளிச்சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். இந்த அமைப்பு நூறாண்டுக்கு மேல் நிலைத்து நிற்பதற்குக் காரணம் காற்றுதான். முன்சுவரின் அடியிலுள்ள, ஏர் பிரிக் எனப்படும் துளையிட்ட செங்கல் வழியாக நுழையும் காற்று, வீட்டின் அடியில் ஓடிப் பின்சுவர் வழியாக வெளியேறி, மண்ணிலிருந்து எழும் ஈரத்தைக் கொண்டுபோய்விடுகிறது. அந்த ஓட்டம் நின்றால் மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. சுவருக்குள் இருக்கும் கட்டைமுனைதான் பெரும்பாலும் முதலில் உளுத்துப்போகும். ஜன்னலோரம் மட்டும் அமுங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே முதலில் வெளியே போய்ப் பாருங்கள். முன்தோட்டத்தைக் கார் நிறுத்துவதற்காகக் கல் பதித்து உயர்த்தியிருக்கிறார்களா? ஏர் பிரிக் பாதி புதைந்திருக்கிறதா, அல்லது குளிர் வருகிறதென்று யாராவது அதைச் சாந்து பூசி அடைத்திருக்கிறார்களா? வெளித்தரை, மண்ணின் ஈரம் மேலேறாதபடி சுவரின் அடியில் வைத்த ஈரத்தடுப்புப் படைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் அடிப்பகுதி உடைந்து சுவரோரம் நீர் ஊறுகிறதா என்றும் கவனியுங்கள். பிறகு பின்பக்கம் செல்லுங்கள். பழைய உரிமையாளர் சமையலறையைக் கான்கிரீட் தரையுடன் நீட்டியிருந்தால், பின்சுவரின் ஏர் பிரிக்குகள் அந்தக் கட்டுமானத்துக்குள் புதைந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். லண்டன் வரிசை வீடுகளில் மரத்தரை கெடுவதற்கு இந்த நீட்டிப்பு வேலைகள் செய்திருக்கும் தீங்கு கொஞ்சநஞ்சமல்ல. முன்னால் எத்தனை துளை இருந்தாலும் பின்னால் வழி அடைபட்டிருந்தால் காற்று ஓடாது.

அடுத்தது உள்ளே. ஜன்னலோரத்தில் இரண்டு மூன்று பலகைகளைத் தச்சர் ஒருவரைக் கொண்டு கழற்றுங்கள். பலகைகளின்மேல் பழைய வினைல் ஓடுகளோ கறுப்புத் தார்ப் பசையோ இருந்தால், அவற்றில் நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும் என்பதால், முதலில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பிரித்தானியாவில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999-இல்தான். பலகை கழன்றதும் ஸ்க்ரூ டிரைவரால் கட்டையின் முனையைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் நுனியை உள்ளே விடாது. உளுத்த மரம் ஈரமான ரஸ்க் போல உதிரும். உளுத்த இடம் முனையோடு நின்று, ஈரமாகவும் கருமையாகவும் இருந்தால் பெரும்பாலும் அது சாதாரண ஈர அழுகல். ஈரத்தை நிறுத்தினால் அதன் பரவலும் நிற்கும். ஆனால் மரம் கட்டம் கட்டமாக வெடித்திருந்து, சாம்பல் நிற இழைகள் செங்கல்லின்மேலும் படர்ந்திருந்து, செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் அது உலர் அழுகலாக இருக்கலாம். அது சாந்துக்குள்ளும் ஊடுருவிச் செல்லக்கூடியது. அதற்குத் தனி ஆய்வு வேண்டும்.

அந்த மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஊசிகள் கொண்ட கருவி மரத்தின் ஈரத்தை அளப்பதற்காக அமைக்கப்பட்டது. பழைய சுவர்ப் பூச்சில் உப்பு படிந்திருந்தால் ஈரம் குறைவாக இருக்கும்போதும் அது உயர்ந்த எண்ணைக் காட்டும். சுவரில் அது ஒலித்ததை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஆயிரக்கணக்கில் செலவு செய்யக் கூடாது. சிகிச்சை எதையும் விற்காத, ஆய்வுக்கு மட்டும் கட்டணம் வாங்கும் ஆர்.ஐ.சி.எஸ். என்ற பட்டய சர்வேயர் அமைப்பின் உறுப்பினரான கட்டட ஆய்வாளர் (சர்வேயர்) ஒருவரை அமர்த்துங்கள்; பழைய வீடுகளில் அனுபவம் உள்ளவரா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில நூறு பவுண்ட் செலவாகும். இலவச ஆய்வின் செலவை விற்பனை மூலமே மீட்க வேண்டிய ஒருவரிடமிருந்து நடுநிலையான பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதால், இந்தச் செலவை நான் வீண் என்று கருதவில்லை.

20 ஆண்டு உத்தரவாதம் எதற்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பல உத்தரவாதங்கள் மருந்து ஏற்றிய சுவரை மட்டுமே உள்ளடக்கும்; காற்றோட்டக் குறையாலோ குழாய்க் கசிவாலோ தரை மறுபடி கெட்டால் பொறுப்பேற்காது. நிறுவனம் மூடப்பட்டால் காப்புறுதி வழியாக அது தொடருமா என்பதும் முக்கியம்.

கேள்வி: என் மச்சான், மரத்தை விட்டுவிட்டுத் தரைக்கு அடியிலுள்ள அந்தக் குழியைக் கான்கிரீட்டால் நிரப்பிவிட்டால் இனித் தொல்லையே இல்லை என்கிறார். அது சரியா?

பதில்: முன்னறையை மட்டும் நிரப்பினால், நடு அறைத் தரைக்கு முன்பக்கத்திலிருந்து வரும் காற்று நின்றுவிடும். இன்று முன்னறையில் இருக்கும் பிரச்சினை சில ஆண்டுகளில் பக்கத்து அறைக்குப் போகும். கான்கிரீட்டின் அடியே குழாய் பதித்துக் காற்றைக் கொண்டுசெல்ல முடியும். ஆனால் அதைச் செய்யாமல் மூடிவிடுகிறவர்களே அதிகம். மேலும் முன்பு வெற்றிடத்தில் கலைந்துபோன ஈரம் சுவரோரமாக ஒதுங்கக்கூடும். குழி 600 மில்லிமீட்டரைவிட ஆழமானால் கான்கிரீட்டுக்கு அடியில் நிரப்பிய கல்லும் மண்ணும் பின்னால் அமுங்கும் அபாயமும் உண்டு. உங்கள் வீட்டுக்கு மரமே பொருத்தம் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் மரத்தரையைத் திரும்பக் கட்டும்போது விலைப்பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும்? பணத்தை எப்படிக் கொடுப்பது?

பதில்: “தரை மாற்றம்” என்று ஒற்றை வரியில் எழுதிய விலையை ஏற்க வேண்டாம். எத்தனை ஜாய்ஸ்ட் மாற்றப்படும், எத்தனை நல்ல நிலையில் விடப்படும் என்பது தனியே வர வேண்டும்; பெரும்பாலும் முனைகளை வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதுக் கட்டையைப் போல்ட்டால் இணைத்தாலே போதும். புது மரத்தில் சி16 அல்லது சி24 என்ற வலிமை முத்திரையும், உலர்த்தியதற்கான கேடி என்ற குறியும் இருக்கின்றனவா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். 47-க்கு 97 மில்லிமீட்டர் சி16 கட்டையை 400 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால், தாங்கு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 2 மீட்டருக்கு மேல் விடக் கூடாது. மருந்தூட்டிய மரமானாலும் வெட்டிய முனைகளில் மீண்டும் மருந்து பூச வேண்டும். கட்டை செங்கல்லை நேரடியாகத் தொடாதபடி ஈரத்தடுப்புத் தாள் வைப்பதும், அடைபட்ட ஏர் பிரிக்குகளைத் திறப்பதும், குழிக்குள் கிடக்கும் பழைய செங்கல், மரத்துண்டு போன்ற குப்பைகளை அள்ளுவதும் பட்டியலில் தனி வரிகளாக இருக்கட்டும். அந்தக் குப்பையை அள்ளாமல் மூடினால் ஈரம் அதன் வழியாகவே மரத்துக்கு ஏறும்.

தரையின் பாதிக்கு மேல் பிரித்துக் கட்டினால் இங்கிலாந்தின் கட்டட விதிகள் வெப்பக் காப்பையும் கோருகின்றன. உள்ளூராட்சி மன்றத்தின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் முன்பே கேளுங்கள். ஜாய்ஸ்ட்டுகளுக்கு இடையே வலை கட்டிக் கம்பளி வகைக் காப்பை வைப்பது பழைய வீட்டுக்கு ஏற்றது. அந்தக் காப்பு ஏர் பிரிக்கை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்ததா இல்லையா என்பது எழுத்தில் வேண்டும். உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் ரத்துச் செய்யும் உரிமை பொதுவாக உங்களுக்கு உண்டு. அதற்குள் வேலையைத் தொடங்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்தால், அதுவரை நடந்த வேலைக்குக் கூலி கொடுக்க நேரும். முற்பணத்தின் ஒரு பகுதியையாவது கடன் அட்டையில் செலுத்துங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையிலான விலைக்கு, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, அட்டை நிறுவனமும் உங்களுக்குப் பொறுப்பாகும். வேலை கவனக்குறைவாகச் செய்யப்பட்டிருந்தால், 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி அதைத் திரும்பச் செய்யும்படி கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக் குறைப்புக் கோரலாம்.

மீதிப் பணத்தை வேலையின் கட்டங்களோடு இணையுங்கள். ஒரு கட்டம் கட்டாயமாக, கட்டைகளும் காப்பும் வைத்து முடிந்து பலகை அடிப்பதற்கு முந்திய நேரமாக இருக்கட்டும். அன்று நீங்களோ உங்கள் சர்வேயரோ போய் ஒவ்வொரு முனையையும் ஒவ்வொரு ஏர் பிரிக்கையும் படமெடுத்த பின்பே அந்தத் தவணையைக் கொடுங்கள். இந்த நிபந்தனையை வேலை தொடங்கும் முன் மின்னஞ்சலில் எழுதி, ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொண்ட பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.